சூடேற்ற வரைபடத்தில் படுத்த கோடு: உருக எவ்வளவு வெப்பம்?

ரங்கூன் அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு ராத்திரியில நான்தான் இயற்பியல் சொல்லித்தர்றேன். நேத்து ரெண்டு பேருமே மாட்டிக்கிட்டோம். 100 கிராம் ஐஸ், −20 டிகிரியில ஆரம்பம். கீழ் அச்சுல கொடுத்த வெப்பம், கிலோஜூல்ல. கோடு 4.2-ல 0 டிகிரியைத் தொட்டு 37.6 வரைக்கும் படுத்தே போகுது. அப்புறம் ஏறி 79.4-ல 100 டிகிரி. மறுபடியும் படுத்து 305.4-ல முடியுது. ஐஸ் உருக எவ்வளவு வெப்பம்னு கேள்வி. அவ 37.6ன்னு எழுதினா. டியூஷன்ல தப்புன்னு அடிச்சாங்க, காரணம் சொல்லல. நான் எம்-சி-டெல்டா டி (நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்) போட்டேன். வெப்பநிலையே மாறாததால சைபர் வருது. எங்க தப்பு?

மோல்மேன் வாத்தியார்:
தம்பி, 37.6ங்கிறது ஆரம்பத்துலேருந்து கொடுத்த மொத்தம். அதுல 4.2, ஐஸை −20லேருந்து 0க்குக் கொண்டுவரவே போயிருச்சு. கோடு படுத்த இடத்துலேருந்து எழும்புற இடம் வரைக்கும்தான் உருகின கணக்கு: 37.6 − 4.2 = 33.4 கிலோஜூல். கிராமுக்கு 334 ஜூல், அதுதான் உருகுதலின் உள்ளுறை வெப்பம். ஆவியாக 305.4 − 79.4 = 226; கிராமுக்கு 2260. கிட்டத்தட்ட ஏழு மடங்கு!

எம்-சி சூத்திரம் சாய்ஞ்ச கோட்டுக்கு மட்டும். படுத்த கோட்டுல வர்ற வெப்பம் முழுக்க மூலக்கூறுகளோட பிடியைத் தளர்த்தவே செலவாகுது.

தங்கச்சிக்குக் கண்ணால காட்டுங்க. சந்தையில ஐஸ் வாங்கி நொறுக்கி, அலுமினியச் சட்டியில போட்டு கரி அடுப்புல வைங்க. கலக்கிக்கிட்டே இருக்கணும், இல்லேன்னா அடித்தண்ணி தனியா சூடேறிரும். என் பிள்ளைங்களுக்குச் செஞ்சு காட்டினப்ப, அடியில கரி சிவந்து கிடக்கு, தெர்மாமீட்டர் 0-லேயே நிக்குது. சுண்டுவிரல் நகம் அளவுல மிதந்த கடைசிச் சில்லு கரைஞ்ச பிறகுதான் ஏற ஆரம்பிச்சுது. அதுவரைக்கும் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கல.

தவுங்ஜீக்காரன்:
வாத்தியார் சொன்னதுதான் சரி. கீழ் அச்சுல நேரம் போட்டிருந்தா, ஹீட்டரோட வாட்டை அந்தப் படுத்த கோட்டோட விநாடியால பெருக்கணும். 500 வாட், 60 விநாடின்னா 30,000 ஜூல். இன்னொண்ணு, எங்க ஊரு 1,400 மீட்டர் உயரம். இங்க தண்ணி 95 டிகிரி வாக்கிலேயே கொதிச்சிரும், அதனால ரெண்டாவது படுத்த கோடு கொஞ்சம் கீழ விழும். வரைபடத்துல 100 இல்லேன்னு பயப்படாதீங்க.

ரங்கூன் அண்ணன்:
ரொம்ப நன்றி சார். நடுவுல உள்ள சாய்ஞ்ச கோட்டை அவளே போட்டுட்டா: 79.4 − 37.6 = 41.8. நூறு கிராம், நூறு டிகிரி, தண்ணியோட தன்வெப்பம் 4.18 சரியா வந்துச்சு. காலையில ஐஸ் வாங்கப் போறோம்.