புதுப்பிப்பு: தம்பியின் சம்மதப் படிவம்

அரச நிலையமொன்றில் போதைச் சிகிச்சைக்குச் சேர்ந்த தம்பியிடம், சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்கியது சரியா என்று முன்னர் இங்கே கேட்டிருந்தேன். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி என்பதை, இலங்கை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையைச் சுட்டிப் பொறுப்பாளருக்கு எழுதிக் கொடுத்தேன். முகம் சுளித்தாலும் தமிழ்ப் படிவம் தந்தார்கள், மருந்துகளின் பெயரையும் பக்கவிளைவுகளையும் தாதி ஒவ்வொன்றாக விளக்கிய பின்பே அவன் ஒப்பமிட்டான்.

அவனைக் கேளாமலே நிலையத்தார் அவனது விபரங்களை உறவினரிடம் சொன்ன விடயம் இன்னும் தீரவில்லை. மனநோய் தொடர்பான 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் நோயாளியின் உரிமையைத் தேடுவது வீண் வேலை. ஆகவே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துள்ளோம். நான் எழுதித் தர முன்வந்தும், தம்பி தன் கைப்படவே எழுதினான்.