ரோல்-ஆன் பந்து: சில பாட்டிலில் ஒழுகுகிறது, சிலவற்றில் இறுகுகிறது. பந்தின் டாலரன்ஸைக் (அளவில் அனுமதிக்கும் பிழை) குறைத்தால் போதுமா?

வரைபலகை கேட்டது:

50 மி.லி. டியோடரன்ட் ரோல்-ஆன். பாட்டில் பிபி (பாலிபுரோப்பிலீன்), காற்றை ஊதி வார்க்கும் ப்ளோ மோல்டிங். பந்து உட்காரும் ஹவுசிங் எல்டிபிஇ (மென்மையான பாலிஎத்திலீன்), 8 கேவிட்டி மோல்டு, அதாவது ஒரே முறையில் எட்டுப் பாகம் வார்க்கும் எட்டுக் குழி அச்சு. பந்து உள்ளீடற்ற பிபி, வெளியிலிருந்து வாங்குவது. வரைபட அளவுகள்:

பந்து விட்டம் 28.60 மி.மீ. (± 0.10)
ஹவுசிங் மேல் விளிம்பின் உள்விட்டம் 27.60
கீழ் சீட் வளையத்தின் விட்டம் 20.00
பந்தின் மேல்-கீழ் ஆட்டம் 0.30

உள்ளே போவது அலுமினியம் குளோரோஹைட்ரேட் 18% கலந்த எமல்ஷன், பிசுக்குமை சுமார் 2000 சென்டிபாய்ஸ்.

முதல் சோதனை ஓட்டத்தில் மூன்று குறைகள். ஒன்று, சில பாட்டிலைக் கவிழ்த்ததுமே விளிம்பில் சொட்டு திரள்கிறது. வேறு சிலவற்றில் பந்து சுற்றவே மறுக்கிறது. இரண்டு, 40 டிகிரியில் படுக்க வைத்த பாட்டில்களில் இரண்டு வாரத்துக்குப் பிறகு மூடிக்குள் ஈரம். மூன்று, சில நாள் திறக்காமல் வைத்தால் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்கு கட்டிப் பந்து ஒட்டிக்கொள்கிறது.

பந்தின் டாலரன்ஸை ± 0.05 ஆக்கினால் முதல் குறை தீருமா? அல்லது கலவையைக் கெட்டியாக்க வேண்டுமா?

---

நுண்ணளவு எழுதியது:

கலவையை இப்போது தொடாதீர்கள். ஒரே கலவை சில பாட்டிலில் ஒழுகி, சிலவற்றில் வராமல் இருக்கிறது என்றால் குறை வடிவக் கணக்கில் இருக்கிறது.

பந்துக்கு மூன்று நிலைகள் உண்டு. மூடி இறுகியிருக்கும்போது மூடியின் உள்வளையம் பந்தைக் கீழ் சீட்டில் அழுத்தி அடைக்கிறது. திறந்து கவிழ்த்தால் பந்து மேல் விளிம்பில் வந்து உட்காரும், சீட் பக்கம் இடைவெளி திறந்து, பந்தைச் சுற்றியுள்ள அறை நிரம்பும். தோலில் அழுத்தித் தேய்க்கும்போது பந்து திரும்பவும் சீட் பக்கம் தள்ளப்பட்டு, விளிம்பில் மெல்லிய இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் தோலில் படியும் படலத்தின் கனத்தைத் தீர்மானிக்கிறது. ஆக, மேல்-கீழ் ஆட்டம் ஒன்றே இரண்டு வேலையையும் ஆள்கிறது.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். பந்தின் ஆரம் 14.30. விளிம்பின் ஆரம் 13.80. பந்து விளிம்பைத் தொடும்போது பந்தின் மையத்துக்கும் விளிம்புத் தளத்துக்கும் உள்ள உயரம் = (14.30² − 13.80²) இன் வர்க்கமூலம் = 3.75 மி.மீ. சீட் பக்கம் இதே கணக்கு 10.22. இரண்டையும் கூட்டி ஆட்டம் 0.30 சேர்த்தால், சீட்டிலிருந்து விளிம்பு வரை உயரம் 14.27.

இந்த உயரத்தை அப்படியே வைத்துக்கொண்டு விளிம்பின் விட்டத்தை மட்டும் 27.70 ஆக்குங்கள். 3.75 என்பது 3.56 ஆகிவிடும்; ஆட்டம் 0.30-லிருந்து 0.49-க்குத் தாவுகிறது. விட்டத்தில் 0.10 பிழை, ஆட்டத்தில் 0.19. பந்து 0.05 சின்னதானால் ஆட்டம் 0.13 கூடும். இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால், அதாவது விளிம்பு 27.70, பந்து 28.55 என்றால், ஆட்டம் 0.63. எதிர்ப்பக்கம் விளிம்பு 27.50, பந்து 28.65 என்றால் ஆட்டம் பூஜ்யம், பந்து இறுகிவிடும்.

அதாவது நீங்கள் கேட்ட ± 0.05 பந்தை வாங்கினாலும், விளிம்பு ± 0.10 ஆடினால் ஒழுகலும் இறுகலும் ஒரே பெட்டியில் வரும். பந்தை இறுக்குவது அவசியம்தான், ஆனால் போதாது. பெரிய குற்றவாளி விளிம்பு.

காரணம், விளிம்பு பந்தின் நடுக்கோட்டுக்கு மிக அருகே பிடிக்கிறது. அங்கே பந்தின் பக்கம் ஏறக்குறைய செங்குத்து, அதனால் விட்டத்தில் வரும் சிறு பிழைகூட உயரத்தில் பெரிதாகத் தெரியும். விளிம்பை 27.00-க்கு இறக்கினால் அதே 0.10 பிழைக்கு ஆட்டம் 0.14 தான் மாறும். வெளியே தெரியும் பந்தின் உயரம் 10.5-லிருந்து 9.6 ஆகக் குறையும், கையில் அது தெரியாது. ஆனால் ஆட்டத்தை 0.25-க்குக் குறையுங்கள்: 27.60 விளிம்பில் 0.30 ஆட்டம் தருவது 0.08 இடைவெளி, 27.00 விளிம்பில் அதே 0.30 கொடுத்தால் 0.10 ஆகிப் படலம் தடித்துவிடும். 0.25 கொடுத்தால் பழைய 0.08-க்கே வரும்.

---

அச்சுப்பட்டறை எழுதியது:

நுண்ணளவு சொன்ன கணக்கு சரி. 27.00-க்கு இறங்குவதற்கு முன் மோல்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை.

பந்தை உள்ளே அழுத்தும்போது விளிம்பு விரிய வேண்டியது 27.60-இல் 3.6%, 27.00-இல் 5.9%. எல்டிபிஇ-க்கு இரண்டும் பொருட்டில்லை. ஆனால் அதற்கு முன்பே ஒரு விரிதல் நடக்கிறது. அறையின் உள்விட்டம் பந்தைவிடப் பெரியது. அது 29.2 என்று வைத்தால், கோரிலிருந்து (பாகத்தின் உட்புறத்தை உருவாக்கும் எஃகுத் துண்டு) பாகத்தை உரித்துத் தள்ளும்போது விளிம்பு 8% விரிய வேண்டும், அதுவும் பாகம் இன்னும் சூடாக இருக்கும்போது. கேவிட்டி முழுதாகத் திறந்து, ஹவுசிங்கின் வெளிச்சுவர் விரிய இடம் கிடைத்த பிறகே ஸ்டிரிப்பர் வளையம் தள்ள வேண்டும். வெளிச்சுவர் கேவிட்டிக்குள் இருக்கும்போதே தள்ளினால் விளிம்பு உரசிக் கிழியும், அல்லது ஒரு பக்கம் நிரந்தரமாக விரிந்துவிடும். அந்தப் பக்கம்தான் சொட்டு திரளும்.

கேவிட்டிக்குக் கேவிட்டி விளிம்பு மாறுவதற்கு முதல் சந்தேகம் கோரின் குளிர்ச்சி. கோர் சூடாக நின்ற கேவிட்டியில் பாகம் மென்மையாகவே உரிந்து வருகிறது. ஒவ்வொரு கோருக்குள்ளும் தண்ணீர் போகிறதா, ஒரே ஓட்டத்தில் போகிறதா பாருங்கள். தொடராக இணைத்திருந்தால் கடைசிக் கோருக்குச் சூடான தண்ணீர்தான் கிடைக்கும்.

அளவெடுப்பதிலும் கவனம் வேண்டும். எல்டிபிஇ மோல்டை விட்டு வந்த பிறகும் சுருங்கும். 48 மணி நேரம் கழித்து, ஒரே அறை வெப்பத்தில், கேவிட்டி எண் வாரியாக அளந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு. விளிம்பில் காலிப்பர் போடாதீர்கள், அது அமுங்கும். கூம்பு கேஜ் அல்லது ஆப்டிகல் அளவீடு.

விளிம்பின் உள்விட்டத்தை உருவாக்குவது கோரின் கழுத்து. கோரைக் கடைந்தால் விளிம்பு சின்னதாகும். பெரிதாக்க வேண்டுமென்றால் எஃகைச் சேர்க்க வேண்டும், அது பெரும்பாடு. எனவே புதுக் கோரைப் பெரிய பக்கமாகவே, உதாரணமாக 27.15-க்கு, செய்து சோதித்து, பிறகு கேவிட்டி வாரியாகக் கடைந்து 27.00-க்குக் கொண்டுவாருங்கள்.

இனி பந்து. 28.6 மி.மீ. பந்தைத் திடமாக மோல்டு செய்தால் 11 கிராம் வரும். குளிரும் நேரம் சுவர்க்கனத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் ஒரு பந்துக்குப் பல நிமிடங்கள் ஆகும், நடுவில் வெற்றிடமும் மேலே பள்ளமும் நிச்சயம். அதனால்தான் இந்த அளவுக்கு ப்ளோ மோல்டிங். 1.2 மி.மீ. சுவரில் 2.5 கிராம்தான். ஆனால் ப்ளோ பந்தில் மோல்டு கடித்த கோடு இருக்கும். பிசிறை வெட்டி, பந்துகள் சுருங்கி ஓயும்வரை விட்டு, பிறகு பேரிங் குண்டுகளைப் போலப் பள்ளமிட்ட இரு தட்டுகளுக்கிடையே தண்ணீர் ஊற்றி அரைத்தால்தான் கோளம் கிடைக்கும். ஓய விடாமல் அரைத்தால் இன்று உருண்டையாக இருப்பது அடுத்த வாரம் முட்டையாகும். சப்ளையரிடம் விட்டத்தை மட்டும் கேட்காமல், ஒரே பந்தின் அதிக விட்டத்துக்கும் குறைந்த விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் கேளுங்கள். 0.05-க்கு மேல் இருந்தால், சுற்றச் சுற்றப் படலம் கோடு கோடாக விழும்.

கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேண்டாம். அரைத்த பந்தின் லேசான சொரசொரப்புதான் திரவத்தைத் தூக்கி வருகிறது.

கடித்த கோட்டில் ஒட்டு சரியில்லையென்றால் கலவை பந்துக்குள் புகும். தண்ணீருக்குள் அமிழ்த்தி வெற்றிடம் கொடுத்தால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும்.

---

கலவைமேசை எழுதியது:

இரண்டாவது, மூன்றாவது குறைகளுக்கு.

மூடிக்குள் ஈரம்: முதலில் எந்த வழியாக வருகிறது என்று பிரியுங்கள். பந்துக்கும் சீட்டுக்கும் நடுவிலா, ஹவுசிங்குக்கும் பாட்டில் கழுத்துக்கும் நடுவிலா? கலவையில் சாயம் கலந்து, பாட்டிலைப் படுக்க வைத்து, ஒரு நாள் கழித்து மூடியை நேராகத் தூக்கிப் பாருங்கள். மரையில் மட்டும் சாயம் என்றால் கழுத்து. பந்தின் உச்சியில் என்றால் சீட்.

சீட் என்றால் விசைக் கணக்கு இது. 25 டிகிரியில் மூடிய பாட்டில் 45 டிகிரிக்குப் போனால் மேலிருக்கும் காற்றால் சுமார் 7 கிலோபாஸ்கல், நீராவியால் 6 என, உள்ளழுத்தம் 13 கூடும். 20 மி.மீ. சீட் வளையத்தின் பரப்பில் அது பந்தை 4 நியூட்டன் விசையோடு மேலே தள்ளும். விமானத்தில் கேபின் அழுத்தம் 75 கிலோபாஸ்கல் வரை இறங்கலாம்; அப்போது வித்தியாசம் 26, தள்ளும் விசை 8 நியூட்டன். மூடி பந்தை இதைவிடக் கூடுதலாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். "கொண்டே" என்பதில்தான் சிக்கல். எல்டிபிஇ அழுத்தத்தில் மெல்ல விட்டுக்கொடுக்கும், 40 டிகிரியில் இன்னும் வேகமாக. கெட்டியான சீட்டாக இருந்தால் முதல் நாள் இருந்த பிடி இரண்டு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும். உங்களுக்கு இரண்டு வாரம் கழித்து ஈரம் தெரிவது இதோடு பொருந்துகிறது. சீட்டை 0.4 - 0.5 மி.மீ. கனமுள்ள வளையும் நாக்காகச் செய்து, மூடி பந்தை 0.2 - 0.3 மி.மீ. கூடுதலாகத் தள்ளும்படி வைத்தால், பிளாஸ்டிக் விட்டுக்கொடுத்த பிறகும் நாக்கு தொடர்ந்து வரும்.

இதே வடிவத்தைப் பின்னால் கண்ணாடிப் பாட்டிலில் போடும் எண்ணம் இருந்தால், மேலே காலியிடத்தைக் கூட்டுங்கள். இந்த 20 டிகிரி ஏற்றத்தில் தண்ணீர் 0.7% விரிகிறது. பிபி பாட்டிலும் ஏறக்குறைய அதே அளவு விரிந்து சரிக்கட்டிவிடும், கண்ணாடி விரியாது.

பொருக்கு: அலுமினியம் குளோரோஹைட்ரேட் கரைசல் காயும்போது பசை மாதிரி இறுகி, பிறகு கண்ணாடிபோல் உடையும். காய்வது மூடிக்குள் இருக்கும் காற்றில்தான். மூடியின் உள்வளையம் பந்தை உச்சிக்கு அருகே சின்ன வட்டமாகத் தொட்டால், வளையத்துக்கு வெளியே பந்தும் விளிம்பும் மூடியின் முழுக் காற்றுக்கும் திறந்தே கிடக்கும். வளையத்தை விளிம்புக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து அந்தக் காற்றிடத்தைக் குறையுங்கள். விளிம்பின் உள்முனையைத் தட்டையாக விடாமல் கூராக வைத்தால், பந்து சுற்றும்போது மிச்சத்தை வழித்துவிடும். தட்டையான விளிம்பில் படலம் தங்கிக் காயும். கலவையில் 2 - 3% கிளிசரின் உதவும், அதிகமானால் தோலில் பிசுபிசுக்கும்.

இரண்டு பொருள் எச்சரிக்கை. எஃகுப் பந்து அழகாக இருக்கிறதென்று இந்தக் கலவைக்கு மாறாதீர்கள்: அமிலத்தன்மையும் குளோரைடும் சேர்ந்து 304 ஸ்டெயின்லெஸில் குழி விழவைக்கும். எஃகும் கண்ணாடியும் எண்ணெய் வாசனைத் திரவங்களின் சிறு பந்துகளுக்கு ஏற்றவை. அடுத்தது, பாலிஎத்திலீன் எமல்சிஃபையரும் வாசனைப் பொருளும் பட்டு, இழுவிசையும் சேர்ந்தால் விரிசல் விடும். உருகோட்டக் குறியீடு (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற எண்) குறைந்த கிரேடை எடுத்து, பந்தும் கலவையும் போட்டு மூடிய நிலையிலேயே 50 டிகிரியில் வைத்து விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலி ஹவுசிங்கை வைத்துச் சோதிப்பது எதையும் சொல்லாது.

---

வரைபலகை எழுதியது:

48 மணி நேரம் கழித்து கேவிட்டி வாரியாக அளந்தாயிற்று. விளிம்பு: 1 முதல் 5 வரை 27.56 - 27.62. 6-இல் 27.66, 7-இல் 27.70, 8-இல் 27.73. கோர்த் தண்ணீர் தொடராகத்தான் போகிறது, 8 கடைசி. ஒழுகும் பாட்டில்கள் எல்லாம் 7, 8. இறுகியவற்றில் பந்து 28.66-க்கு மேல்.

சாயச் சோதனையில் மூடிக்குள் ஈரம் பந்தின் உச்சியில். சீட் இப்போது 1.5 மி.மீ. கெட்டியான தோள்.

---

நுண்ணளவு எழுதியது:

அப்படியென்றால் வரிசை இது: தண்ணீரைக் கிளை கிளையாகப் பிரியுங்கள், கோரை மாற்றும் முன்பே. 8 கேவிட்டியும் 0.06-க்குள் வந்த பிறகுதான் 27.00 கோர். இல்லையென்றால் கோர் மாற்றியும் அதே சரிவு தொடரும். பந்துக்கு 28.55 - 28.65 என்று எல்லை வையுங்கள், ஓட்டை கேஜ் இரண்டு போதும்.

அளவு சரியானதும் வெளிவரும் எடையை அளங்கள். பாட்டிலைக் கவிழ்த்து 10 விநாடி வைத்து, எடை போட்டு, செயற்கைத் தோலில் ஒரே அழுத்தத்தில் 10 முறை உருட்டி, மறுபடி எடை போடுங்கள். ஒரு கேவிட்டிக்கு 5 பாட்டில். இலக்கை நிர்ணயிக்க ஒரு அளவுகோல்: ஐரோப்பியப் பாதுகாப்பு மதிப்பீட்டில் ஸ்பிரே அல்லாத டியோடரன்டுக்கு ஒரு நாள் பயன்பாடு 1.5 கிராம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டு அக்குளுக்கும் சேர்த்து. உங்கள் எண் அதைத் தாண்டினால் ஆட்டம் இன்னும் அதிகம்.

---

அச்சுப்பட்டறை எழுதியது:

சீட்டை நாக்காக மாற்றும்போது அதுவும் கோர்ப் பக்கமே உருவாகும்படி வையுங்கள். விளிம்பும் சீட்டும் ஒரே எஃகில் இருந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள 14.27 என்ற உயரம் மோல்டு மூடுவதைப் பொறுத்து மாறாது. இப்போது சீட் கேவிட்டிப் பக்கம் இருந்தால், மோல்டு கோட்டில் சேரும் 0.05 பிசிறுகூட ஆட்டத்தில் நேராக வந்துவிடும். விளிம்பு 27.00, ஆட்டம் 0.25 என்று மாறும்போது அந்த உயரமும் மாறும்: 4.72 + 10.22 + 0.25 = 15.19. பழைய 14.27-ஐ அப்படியே வைத்துவிட்டால் பந்து உள்ளே நுழையவே இடம் இருக்காது.

பந்தை அழுத்தும் பஞ்ச் நேராக இறங்க வழிகாட்டி வையுங்கள். சாய்ந்து அழுத்தினால் நல்ல ஹவுசிங்கின் விளிம்பும் ஒரு பக்கம் விரிந்து, 8-ஆம் கேவிட்டிப் பாகம் மாதிரியே ஒழுகும். மூடியின் டார்க் (முறுக்கு விசை) 1.2 - 1.6 நியூட்டன் மீட்டரில் தொடங்கி, ஒரு நாள் கழித்துத் திறக்கும் டார்க்கையும் குறித்து வையுங்கள்.

---

வரைபலகை எழுதியது:

சீட் கேவிட்டிப் பக்கம்தான் இருக்கிறது. கோருக்கு மாற்றி வரைகிறேன். தண்ணீர்க் கிளைகள் பிரித்த பிறகு வரும் அளவுகளை இங்கேயே போடுகிறேன்.