மேட்டுக்கொல்லை – குடும்பக் குழு

சனிக்கிழமை, காலை 6:48

முரளி மடிப்பாக்கம்: விடிந்ததும் விடியாததுமாக ஆறுமுகம் போன் செய்தார். நம் கொல்லைப் புதரிலிருந்து கண்ணாடி விரியன் ஒன்று அவர் மாட்டுக் கொட்டகைக்குள் வந்துவிட்டதாம். ஆடிக்குள் சுத்தம் செய்யாவிட்டால் நானே நெருப்பு வைத்துவிடுவேன் என்கிறார்.

கௌரி வளசரவாக்கம்: அய்யோ. மாடு கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

முரளி மடிப்பாக்கம்: இல்லை

சேகர் பெரம்பூர்: அவர் என்ன வைப்பது, நானே வைக்கிறேன். காற்று அடங்கிய நாளாகப் பார்த்து நாலு பக்கமும் செதுக்கிவிட்டுக் கொளுத்தினால் ஒரே நாளில் வேலை முடிந்தது. அப்பா காலத்தில் அப்படித்தான் செய்வோம்.

கார்த்திக் சிறுசேரி: 👍

இளங்கோ தாம்பரம்: வேண்டாம் பெரியப்பா. கொளுத்தினால் முடியாது, கூடத்தான் செய்யும். ரயிலில் இருக்கிறேன், இறங்கியதும் விவரமாக எழுதுகிறேன். அதுவரை யாரும் ஆறுமுகத்திடம் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

கௌரி வளசரவாக்கம்: கன்னியம்மன் கல் தெரிகிறதா என்று கேட்டாயா முரளி? ஆடி மூன்றாவது ஞாயிறு கூழ் ஊற்ற வேண்டும். அம்மா இப்போதே கேழ்வரகுக்குச் சொல்லிவிட்டாள்.

முரளி மடிப்பாக்கம்: கல்லா? வேப்பமரமே பாதிதான் தெரிகிறதாம்.

சாந்தி தாம்பரம்: போன வருஷமும் ரோட்டோரம் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தோம். இளங்கோ அப்பா இருந்தவரை மாசம் ஒரு தடவையாவது உத்திரமேரூர் பஸ் ஏறிவிடுவார்.

சேகர் பெரம்பூர்: உண்மைதான்மா. அவனுக்கு அப்புறம் யாரும் கவனிக்கவில்லை.

காலை 8:15

இளங்கோ தாம்பரம்: பெரியப்பா, நீங்கள் சொல்வது தாத்தா காலத்துக்குச் சரி. அன்றைக்கு அங்கே இருந்தது கேழ்வரகுத் தாளும் காய்ந்த புல்லும். இப்போது நிற்பது வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம். அதற்கு உயிர் தண்டில் இல்லை, தண்டும் வேரும் சேருகிற கழுத்தில் இருக்கிறது, அது மண்ணுக்குள் புதைந்திருக்கும். நெருப்பு மேலாக ஓடிவிடும், சாண் ஆழத்தில் சூடே போய்ச் சேராது. அப்புறம் ஒரு மழை பெய்தால் ஒற்றைத் தண்டு நின்ற இடத்தில் ஆறேழு தண்டு கிளம்பும், முள்ளும் முன்பைவிட அடர்த்தியாக இருக்கும். ஏரிக்கரைப் பக்கம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எரித்தார்களே, இன்றைக்கு அங்கே ஆடுகூட நுழைய முடியாது, நீங்களே பார்த்திருப்பீர்கள். கோரைக்கும் அதே கதைதான், கிழங்கு மண்ணுக்குள் சுகமாக இருக்கும். செத்துப்போவது எது என்றால் வேப்பமரமும் பனை வடலியும் மேல்மண்ணில் இருக்கிற மண்புழுவும்தான். பக்கத்தில் ஆறுமுகத்தின் வைக்கோல் போர் வேறு இருக்கிறது.

முரளி மடிப்பாக்கம்: படித்துவிட்டேன் 🙏

கௌரி வளசரவாக்கம்: பனை பத்திரம். அப்பா நட்ட வரிசை அது.

இளங்கோ தாம்பரம்: ஆமாம் அத்தை. அதோடு 2021லிருந்து பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும். எரிந்து போனாலும் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

பிரியா பள்ளிக்கரணை: பெரிய மாமா, புகை வேண்டவே வேண்டாம். 2018 போகி அன்றைக்கு மீனம்பாக்கத்தில் விமானமே இறங்க முடியாமல் திருப்பிவிட்டார்கள் ஞாபகம் இருக்கிறதா? அன்று முழுக்க நான் நெபுலைசரோடு உட்கார்ந்திருந்தேன். ஊரிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

சாந்தி தாம்பரம்: குட்டிக்கு இப்போது இருமல் எப்படி இருக்கிறது பிரியா?

பிரியா பள்ளிக்கரணை: பரவாயில்லை அத்தை. இரவில்தான் கொஞ்சம்.

சாந்தி தாம்பரம்: கற்பூரவல்லி இலை கொடுத்து அனுப்பவா? நம் வீட்டுத் தொட்டியில் நிறைய இருக்கிறது

பிரியா பள்ளிக்கரணை: சரி அத்தை ❤️

முரளி மடிப்பாக்கம்: கரி மூட்டம் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒரு பைசா செலவில்லை. அவரே வெட்டி எடுத்துக்கொண்டு நமக்கும் ஏதோ கொடுத்துவிட்டுப் போவார்.

கௌரி வளசரவாக்கம்: போன தடவையும் அவர்தானே வந்தார்?

முரளி மடிப்பாக்கம்: ஆமாம்

கௌரி வளசரவாக்கம்: அந்தப் பணம் என்ன ஆயிற்று முரளி? இன்றுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முரளி மடிப்பாக்கம்: அக்கா, அதில்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்தோம். இதை எத்தனை தடவை சொல்வது.

கௌரி வளசரவாக்கம்: ஆபரேஷனுக்கு நானும் கொடுத்தேன்.

சேகர் பெரம்பூர்: காலங்காத்தால இது வேண்டாம்.

இளங்கோ தாம்பரம்: சித்தப்பா, அவரைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவருக்கு வேண்டியது விறகு. தரையை ஒட்டி வெட்டிக்கொண்டு போவார், அடிக்கட்டை அப்படியே இருக்கும், மூன்று நாலு வருஷத்தில் திரும்ப வளர்ந்ததும் மறுபடி வருவார். மேலே வெட்டுவது முடி வெட்டிக்கொள்கிற மாதிரிதான். கழுத்துக்குக் கீழே முக்கால் அடி, ஒரு அடி தோண்டி வேரோடு எடுத்தால்தான் மரம் சாகும். சின்னதைக் கடப்பாரையால் எடுத்துவிடலாம், கை கனத்துக்கு மேல் இருப்பதற்கு ஜேசிபிதான். விசாரித்தேன், மணிக்கு 1,400 கேட்கிறார்கள், நம் நிலம் மூன்று ஏக்கர், ஏக்கருக்கு எட்டு மணி நேரமாவது ஆகும் என்கிறார் டிரைவர். வேளாண் பொறியியல் துறையிலும் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், உழவன் ஆப்பில் பதியலாம், வரிசை எப்படி என்று திங்கட்கிழமை கேட்கிறேன். கரிக்காரரை அப்புறம் கூப்பிடுவோம். பிடுங்கிப் போட்ட மரத்தையும் வேரையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும், வேர்க்கட்டையும் நல்ல கரியாகும். அந்தப் பணம் ஜேசிபி செலவில் கழிந்துவிடும், கணக்கை இந்தக் குழுவிலேயே போட்டுவிடலாம்.

கௌரி வளசரவாக்கம்: அந்தக் கடைசி வரி நல்ல வரி.

கார்த்திக் சிறுசேரி: 1400 × 24 = 33,600

கார்த்திக் சிறுசேரி: நாலாகப் பிரித்தால் 8,400

கௌரி வளசரவாக்கம்: நாலா? பட்டா இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது. பங்கு என்று வரும்போது மூன்று, செலவு என்று வரும்போது நாலா?

சேகர் பெரம்பூர்: கௌரி, உன் பங்கு இல்லை என்று யார் சொன்னது?

கௌரி வளசரவாக்கம்: யாரும் சொல்லவில்லை அண்ணா. எழுதவும் இல்லை.

காலை 11:30

கார்த்திக் சிறுசேரி: பலமுறை பகிரப்பட்டது: “சீமைக்கருவேலம் காமராஜர் ஆட்சியில் வெளிநாட்டு சதியால் தூவப்பட்டது!! அனைவருக்கும் பகிரவும்”

இளங்கோ தாம்பரம்: அண்ணா, இது தவறு. மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம், வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1870களிலேயே இந்தியாவுக்குள் வந்துவிட்டது. விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். இப்போது 2022ல் தமிழக அரசே இந்த மாதிரி அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது.

கார்த்திக் சிறுசேரி: ஓ சரி. அழித்துவிடுகிறேன்

முரளி மடிப்பாக்கம்: மருந்து அடித்தால் என்ன? கடையில் கேட்டால் கொடுப்பார்கள். உப்பு கரைத்து அடிக்கலாம் என்றும் ஒரு வீடியோ வந்தது.

இளங்கோ தாம்பரம்: கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியை நாமே வாங்கி அடிக்கக் கூடாது சித்தப்பா, 2022லேயே மத்திய அரசு கட்டுப்படுத்திவிட்டது. உப்பு பார்த்தீனியம் என்கிற களைக்கு, அதுவும் பயிர் வைக்காத ரோட்டோரத்துக்குச் சொன்னது. லிட்டருக்கு 200 கிராம் போட வேண்டும், அவ்வளவு உப்பைக் கொட்டினால் நாளைக்கு அந்த மண்ணில் நாம் என்ன விதைப்பது?

பிரியா பள்ளிக்கரணை: பார்த்தீனியமும் இருக்கிறதா? அப்படியென்றால் யாரும் வெறும் கையால் தொடாதீர்கள். தோல் தடித்து அரிக்கும், வீசிங் இருப்பவர்களுக்கு ரொம்ப மோசம். கிளவுஸ், மாஸ்க், முழுக்கைச் சட்டை.

இளங்கோ தாம்பரம்: கிழக்கு வரப்பு முழுக்க அதுதான் பிரியா. பூக்கும் முன்னால் பிடுங்கிவிட வேண்டும். பூக்காததைக் குழியில் போட்டு மட்க வைக்கலாம், பூத்ததைப் போட்டால் உரத்தோடு விதையையும் சேர்த்து இறைப்போம். ஒரு செடி பல ஆயிரம் விதை போடும். வரப்பில் தானாக முளைக்கிற ஆவாரை, துத்தி, தகரை இதையெல்லாம் களை என்று வெட்டிவிடாதீர்கள், அவை அடர்ந்து நின்றால் பார்த்தீனியத்துக்கு இடம் கிடைக்காது.

சாந்தி தாம்பரம்: இளங்கோ, சாப்பிட்டாயா?

இளங்கோ தாம்பரம்: ம்

மதியம் 2:05

சேகர் பெரம்பூர்: நான் ஏன் கொளுத்தச் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் புதருக்குள் பழைய கிணறு இருக்கிறது. சுற்றுச்சுவர் 80களிலேயே இடிந்துவிட்டது, இப்போது தரையோடு தரையாக வெறும் வாய்தான். எங்கள் செவலைக் கன்று அதில்தான் விழுந்தது. கௌரிக்குத் தெரியும். ஜேசிபியை உள்ளே விட்டால் வண்டியோடு ஆளும் போய்விடுவான். எரித்தால் கிணறு கண்ணுக்குத் தெரியும் என்றுதான் சொன்னேன்.

கௌரி வளசரவாக்கம்: ஆமாம் அண்ணா. அன்றைக்கு அப்பா சாப்பிடவே இல்லை.

கார்த்திக் சிறுசேரி: இது எனக்குத் தெரியாதே அப்பா

முரளி மடிப்பாக்கம்: நானே மறந்துவிட்டேன். எந்தப் பக்கம்? நுணா மரத்துக்கு அந்தப் பக்கமா?

சேகர் பெரம்பூர்: நுணாவுக்கும் களத்துமேட்டுக்கும் நடுவில். நேரில் வந்தால்தான் காட்ட முடியும்.

இளங்கோ தாம்பரம்: பெரியப்பா, நல்லவேளை சொன்னீர்கள். அப்படியென்றால் முதலில் வண்டி வேண்டாம். நாலு ஆளை வைத்து அரிவாளும் பிரஷ் கட்டரும் கொண்டு ரோட்டிலிருந்து கன்னியம்மன் கல் வரைக்கும், அங்கிருந்து கிணறு வரைக்கும் கையால் வழி வெட்டுவோம். நீங்கள் கூட இருந்து இடம் காட்டுங்கள். கிணற்றைச் சுற்றி நாலு பக்கமும் பத்தடி தள்ளிக் கழி நட்டுக் கயிறு கட்டிவிடலாம். வேம்பு, நுணா, பனை, வடலி எல்லாவற்றிலும் சிவப்புத் துணி கட்ட வேண்டும், வண்டிக்காரருக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று தெரியாது, முள்ளுக்குள் நிற்கிற வடலியை ஒரே வாரலில் எடுத்துவிடுவார். அப்புறம் ஒரு மழை பெய்து மண் இளகியதும் வண்டி. ஈரம் இருந்தால் வேர் அறுபடாமல் வரும், சேறாக இருந்தால் வண்டி இறங்கிவிடும், அதனால் மழைக்கு மறுநாள் விட்டு அதற்கு மறுநாள். வெட்டும்போது நாலு பக்கமும் சூழ்ந்துகொண்டு வெட்டக் கூடாது. ரோட்டுப் பக்கம் தொடங்கி ஏரிப் பக்கமாக மெதுவாகப் போனால் பாம்பும் கௌதாரியும் தானாக விலகிவிடும், ஆறுமுகத்தின் கொட்டகைக்கும் ஓடாது.

சேகர் பெரம்பூர்: சரி. இது நியாயம்.

கௌரி வளசரவாக்கம்: அம்மா குரல் பதிவு அனுப்பச் சொல்கிறாள். அவளுக்கு அழுத்தத் தெரியவில்லை, நானே எழுதுகிறேன். “ஆட்டை விடாதீங்க, ஆடு காயைத் தின்னு புழுக்கை போட்ட இடமெல்லாம் முள்ளு முளைக்கும், முதல்ல காயைப் பொறுக்குங்க.”

இளங்கோ தாம்பரம்: பாட்டி சொல்வது அப்படியே உண்மை. விதை ஆட்டின் வயிற்றில் சாகாது, அங்கே போய் வந்தால் இன்னும் சுலபமாக முளைக்கும். மண்ணிலும் வருஷக்கணக்கில் கிடக்கும். அதனால் ஜேசிபி போனதும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் புதுக் கன்று முளைக்கும். விரல் உயரத்தில் இருக்கும்போது ஈரத்தில் கையால் பிடுங்கினால் வந்துவிடும், ஒரு வருஷம் விட்டால் ஆணிவேர் இறங்கிவிடும். மறுபடி கடப்பாரைதான். வெறும் மண்ணாகவும் விடக் கூடாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள், உழுதுவிட்டு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு தூவினால் ஒரு மாதத்தில் நிழல் கட்டிவிடும், நிழலில் பார்த்தீனியமும் கோரையும் அடங்கும். 45 நாளில் பூக்கிற சமயம் மடக்கி உழுதால் மண்ணுக்கும் உரம். ஐப்பசி மழைக்கு முன்னால் நிலம் தயாராக இருக்கும்.

கார்த்திக் சிறுசேரி: மாதம் ஒருவர் என்று முறை போட்டுக்கொள்ளலாமா? நான் ஆவணி

பிரியா பள்ளிக்கரணை: நான் செடி பிடுங்க வரமாட்டேன், பணம் தருகிறேன்.

முரளி மடிப்பாக்கம்: ஆறுமுகத்துக்கு மாதச் சம்பளம் போல ஏதாவது கொடுத்துவிட்டால் அவரே பார்த்துக்கொள்வாரே

சேகர் பெரம்பூர்: அவருக்கு அந்தக் கொல்லை மேல் ஒரு கண் உண்டு. யோசித்துச் செய்.

சாந்தி தாம்பரம்: அப்படிச் சொல்லாதீர்கள் மாமா. இவர் போனபோது ராத்திரியோடு ராத்திரியாக வண்டி பிடித்து வந்து நின்றவர் அவர்தான்.

சேகர் பெரம்பூர்: சரிம்மா.

மாலை 5:20

முரளி மடிப்பாக்கம்: ஆறுமுகத்துக்கு நான் என்ன சொல்லட்டும்? நெருப்பு வைக்க மாட்டோம், அவரும் வைக்கக் கூடாது, ஆடிக் கூழுக்கு முன்னால் ரோட்டுப் பக்கமும் அவர் கொட்டகைப் பக்கமும் சுத்தம். இவ்வளவுதானே?

இளங்கோ தாம்பரம்: ஆமாம் சித்தப்பா. கொட்டகைப் பக்கம் இருபதடியாவது முதலிலேயே வெட்டிக் கொடுத்துவிடுவோம். அவர் பயம் நியாயமானது.

கௌரி வளசரவாக்கம்: வழி வெட்டுகிற கூலியில் என் பங்கை இன்றே அனுப்புகிறேன், அது அம்மனுக்கு. ஜேசிபி பணம் பட்டா பேசிய அப்புறம்.

சேகர் பெரம்பூர்: பட்டா பேச எல்லோரும் நேரில் உட்கார வேண்டும். போனில் வேண்டாம்.

கௌரி வளசரவாக்கம்: எப்போது?

சேகர் பெரம்பூர்: பார்க்கலாம்.

இளங்கோ தாம்பரம்: வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு தாம்பரத்திலிருந்து கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் கிணறு வரை போய்விடலாம். கயிறு, துணி, கிளவுஸ் நான் வாங்கிவிடுகிறேன். எல்லோரும் கனமான ஷூ போட்டு வர வேண்டும், அந்த முள் செருப்பைத் துளைத்துவிடும். யார் யார் வருகிறீர்கள்?

முரளி மடிப்பாக்கம்: நான் வருகிறேன்

கார்த்திக் சிறுசேரி: அப்பா, ஞாயிறு உங்களுக்கு முட்டிக்கு பிசியோதெரபி இருக்கிறது

சேகர் பெரம்பூர்: அதைத் தள்ளிப் போடு.

கௌரி வளசரவாக்கம்: ஞாயிறு மகாலட்சுமி பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் இல்லையா?

முரளி மடிப்பாக்கம்: எந்த மகாலட்சுமி?

கௌரி வளசரவாக்கம்: போரூர் மகாலட்சுமி. உங்களுக்கெல்லாம் சொல்லவில்லையா?

சாந்தி தாம்பரம்: எங்களுக்குச் சொல்லவில்லையே