ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் பழைய தூதுவர்: கொழும்பில் அவருடைய நிலை என்ன?

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

ஒரு நாட்டை அயல்படை பிடித்துவிட்டது, பழைய அரசாங்கம் வெளிநாட்டில் தஞ்சம். தலைநகரில் புதிதாக அமர்ந்தவர்கள் கொழும்புக்குக் கடிதம் போடுகிறார்கள்: "உங்கள் ஊரில் இருக்கும் தூதுவரை நீக்கிவிட்டோம், கட்டடத்தை எங்களிடம் ஒப்படையுங்கள்." தூதுவரோ அசைய மறுக்கிறார். வெளிவிவகார அமைச்சு யாருடைய சொல்லைக் கேட்கும்? அவருடைய சிறப்புரிமை, வங்கிக் கணக்கு, அவர் வழங்கும் கடவுச்சீட்டு எல்லாம் எதுவரை செல்லும்? சர்வதேசச் சட்டப் பாடத்துக்குக் குறிப்பு எழுதுகிறேன். புத்தகங்களில் அங்கீகாரக் கோட்பாடு இருக்கிறது, நடைமுறை இல்லை.

கோட்டை சட்டத்தரணி

அந்தக் கடிதம் வந்ததாலேயே யாருடைய பதவியும் போகாது. இராஜதந்திர உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 43ஆம் உறுப்புரைப்படி, அனுப்பிய அரசு அறிவித்தால் தூதுவரின் பணி முடியும். ஆகவே முதலில் தீர்க்க வேண்டியது, இந்தக் கடிதம் அந்த அரசின் கடிதமா என்பது. அதைத் தீர்மானிக்கும்வரை அமைச்சு பதில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. கிடைத்தது என்று ஒரு வரி எழுதி, அதில் எதிர்த்தரப்பை "வெளிவிவகார அமைச்சர் அவர்களே" என்று விளித்தால், அந்த விளிப்பையே அங்கீகாரத்துக்குச் சான்றாகத் தூக்கிப் பிடிப்பார்கள்.

அடுத்தது இராஜதந்திரிகள் பட்டியல். பெயர் அதில் இருக்கும்வரை சிறப்புரிமையும், டிபிஎல் இலக்கத்தகடும் இருக்கும். இலங்கையில் வியன்னா உடன்படிக்கைக்கு உள்நாட்டுச் சட்ட வலு கொடுப்பது 1996ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இராஜதந்திர சிறப்புரிமைகள் சட்டம். பெயரை எடுக்க முடிவு செய்தாலும் அன்றிரவே ஆளை வெளியேற்ற முடியாது. வியன்னா உடன்படிக்கையின் 39(2) நியாயமான கால அவகாசம் கேட்கிறது. கட்டடத்தையும் ஆவணங்களையும் அதன் 45ஆம் உறுப்புரைப்படி பாதுகாக்க வேண்டும். சாவியைப் புதியவர்களிடம் கொடுப்பது அவர்களை ஏற்றுக்கொண்டபின் நடக்கும் காரியம்.

பத்திரக்கட்டு

மேலே சொன்னது சரி. ஆனால் இருக்கும் தூதுவரைத் தொடரவிடுவது சுலபம். அவர் இறந்தால் அடுத்தவரின் நியமனத்தில் யார் கையொப்பமிடுவது? தூதரகங்கள் அவிந்துபோவது இங்கேதான்.

லட்வியா இதை முன்கூட்டியே யோசித்தது. சோவியத் படை நுழைய ஒரு மாதம் இருக்கையில், 1940 மே 17 அன்று, லண்டனில் இருந்த தூதுவர் கார்லிஸ் சாரின்ஷுக்கு அமைச்சரவை அவசர அதிகாரம் கொடுத்தது. அவரால் இயலாவிட்டால் வாஷிங்டனில் இருந்த ஆல்ஃபிரட்ஸ் பில்மானிஸ். அந்த ஒரு தாள் இருந்ததால் தலைநகர் ரீகாவில் அரசாங்கம் இல்லாமல்போன பிறகும் நியமனத்துக்கு ஒரு கை இருந்தது. அமெரிக்கா தன் பக்கத்தில் 1940 ஜூலை 23 அன்று வெல்ஸ் பிரகடனத்தால் சோவியத் ஒன்றியத்துடனான இணைப்பை ஏற்க மறுத்து, பழைய தூதரகங்களைத் தொடரவிட்டது.

பணம் இன்னொரு சிக்கல். பிரகடனத்துக்கு எட்டு நாள் முந்தியே, ஜூலை 15இல், அமெரிக்கா பால்டிக் நாடுகளின் (லட்வியா, லிதுவேனியா, எஸ்தோனியா) சொத்தை முடக்கியது. ஆக்கிரமித்தவன் கைக்குப் போகாமல் காப்பதுதான் நோக்கம். பிறகு அதிலிருந்து அனுமதி பெற்றுத் தூதரகச் செலவுக்குக் காசு எடுத்தார்கள். லிதுவேனியாவின் காசு 1980 அளவில் தீர்ந்துபோக, லட்வியாவின் நிதி கைகொடுத்தது.

அங்கீகாரம் மாறினால் பணமும் மாறும். இத்தாலி பிடித்துக்கொண்ட எத்தியோப்பியாவின் பேரரசர் ஹைலி செலாசி, கேபிள் அன்ட் வயர்லஸ் நிறுவனம் தர வேண்டிய தொகைக்காக லண்டனில் வழக்குப் போட்டு 1938இல் முதல் நீதிமன்றத்தில் வென்றார். மேன்முறையீடு நிலுவையில் இருக்கையில் பிரிட்டன் இத்தாலிய மன்னரை எத்தியோப்பியாவின் சட்டபூர்வ ஆட்சியாளராக ஏற்றது. அத்தோடு பேரரசருடைய உரிமை போயிற்று. நாட்டை இழந்தவரிடமிருந்து வழக்கையும் பறித்த அந்த முடிவை எத்தனை தரம் வாசித்தாலும் மனம் ஆறாது. உங்கள் குறிப்பில் கட்டாயம் சேருங்கள்.

வெள்ளவத்தை வாசகி

இருவருக்கும் நன்றி. ஐ.நா.வில் பழைய அரசாங்கத்துக்கு ஆசனம் இருந்தால் கொழும்பும் அதைப் பின்பற்ற வேண்டுமா?

அணிசேரா

எந்தச் சபை சொல்கிறது என்பதைப் பொறுத்தது. பாதுகாப்புச் சபை கட்டளையிட்டால் பின்பற்றியே ஆகவேண்டும். 1990 ஆகஸ்ட் 2 ஈராக் குவைத்தைப் பிடித்தது. ஒரு கிழமைக்குள், 9ஆம் திகதி, 662ஆம் தீர்மானம் இணைப்பு செல்லாது என்றது. மறைமுக அங்கீகாரம் என்று பொருள்படும் எந்தத் தொடர்பும் கூடாது என்றும் சொன்னது. சவூதியின் தாயிஃப் நகரில் இருந்த குவைத் அரசாங்கத்தின் தூதுவர்களே தூதுவர்கள்.

பொதுச்சபையின் ஆசனம் வேறு. அது அந்த மண்டபத்துக்குள் யார் பேசுவது என்ற முடிவு மட்டுமே, உறுப்பு நாடுகள் தனித்தனியே என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. 1979 ஜனவரி 7 வியட்நாம் படை கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. செப்டம்பர் 21 அன்று பொதுச்சபை 71க்கு 35 என்ற வாக்கில் (34 நாடுகள் நடுநிலை) வீழ்த்தப்பட்ட போல் பாட் தரப்பின் பிரதிநிதிகளையே வைத்துக்கொண்டது. எதிர்ப்பு எழுந்தாலும் சபை முடிவெடுக்கும்வரை பிரதிநிதி தற்காலிகமாக முழு உரிமையோடு அமர்வார். அது 29ஆம் நடைமுறை விதி.

இதே பிரச்சினை கொழும்புக்கும் வந்தது. அப்போது அணிசேரா இயக்கத்தின் தலைமை இலங்கையிடம் இருந்தது. 1979 ஜூனில் இங்கே கூடிய ஒருங்கிணைப்புப் பணியகம் எடுத்த சமரசம்: அந்தத் தூதுக்குழு உட்காரலாம், பேச முடியாது. செப்டம்பரில் ஹவானா மாநாடு ஆசனத்தையே வெறுமையாக விட்டது. ஒரே ஆண்டில் ஒரே குழுவுக்கு மூன்று இடங்களில் மூன்று நிலை.

பத்திரக்கட்டு

கடவுச்சீட்டு பற்றி யாரும் சொல்லவில்லை. தூதரகத்தில் மிஞ்சியிருக்கும் வெற்றுப் புத்தகங்கள் தீரும்வரைதான் புதிதாகக் கொடுக்கலாம். பிறகு பழையதில் கால நீடிப்பு முத்திரை குத்துவார்கள். அதை ஏற்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம், விமான நிலையத்தில் மறித்தால் வாதாட வழியில்லை. பிறப்புச் சான்று, அற்றோனித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) போன்றவை இன்னும் சிக்கல். இங்கே செல்லும், சொந்தத் தலைநகரில் செல்லாது. ஆப்கானிஸ்தான் அயல்நாட்டு ஆக்கிரமிப்பு அல்ல, ஆனாலும் இதே கோளாறு: 2024 ஜூலையில் தலிபான் நிர்வாகம் பழைய அரசாங்கத்தின் 14 தூதரகங்களின் ஆவணங்களை ஏற்கமாட்டோம் என்றது. ஊரில் காணி விற்க வேண்டியவர் அத்தகைய தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் எழுதிக் காசைச் செலவழிக்குமுன், அந்த ஊர்ப் பதிவகம் எந்த முத்திரையை ஏற்கிறது என்று விசாரிப்பது நல்லது.