வி8 மாற்றிய பழைய பிக்கப்புக்கு எந்த ரேடியேட்டர்?

வண்டி 1984 செவர்லே சி10. 4.1 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு 5.7 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) வைத்து மூன்று மாதம் ஆகிறது. சிலிண்டர் துளையைப் பெரிதாக்கி, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் மாற்றியாச்சு. ரேடியேட்டர் மட்டும் பழைய ஆறு சிலிண்டருக்கு வந்த அதே சின்னது. காசு இன்ஜினிலேயே தீர்ந்துவிட்டது.

நெரிசலில் நின்றால் வெப்பமானி முள் 90 டிகிரியைத் தாண்டாது. மேட்டில் லோடோடு பத்து நிமிடம் ஏறினால் 110. நிறுத்தியதும் ரிசர்வ் டேங்கில் குளுகுளுவென்று கொதிக்கிற சத்தம், பானட்டைத் திறந்தால் கூலன்ட் வாடை.

தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டுக்கு வழிவிடும் வால்வு) புதுசு, 82 டிகிரியில் திறப்பது. வாட்டர் பம்ப், 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி மாற்றினேன். ஃபேனுக்கு ஷ்ரௌட் (காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க வைக்கும் சுற்றுக்கூடு) உண்டு. இக்னிஷன் டைமிங் சரி. கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. இன்ஜின் ஹெட் கேஸ்கெட் கசிகிறதோ என்ற பயத்தில் அதையும் சோதித்தேன், நல்லவேளை, கசிவில்லை. அப்புறம் ரேடியேட்டரை உள்ளே கழுவினேன், இரண்டு நாள்தான் நிம்மதி.

கைக்கு எட்டுகிறவை இரண்டு: ஒரு அங்குலக் குழாய் இரண்டு வரிசை கொண்ட மலிவு அலுமினியம், அல்லது செகண்ட் ஹேண்டில் நாலு வரிசை தாமிர-பித்தளை. ஓட்டை விழுந்தால் பற்றவைக்கலாம் என்பதால் மனசு பித்தளைப் பக்கம் சாய்கிறது.

லோடோடு மேடு ஏற இந்த இரண்டில் எது தாங்கும்?