முன்னும் பின்னும் எடுத்த இரத்தக் கொதிப்பு அளவு: டி டெஸ்டில் 0.44 வருகிறது, எங்கே தவறு?

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். நான் உயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவி. இந்தப் பருவத்தில் உயிர்ப்புள்ளியியல் ஒரு பாடம். அதற்கான புராஜெக்டை எங்கள் தோட்டத்திலேயே செய்தேன். ஐம்பது வயது தாண்டிய பத்துப் பேர். பாதிப் பேர் இன்னும் செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவர்கள். எட்டு வாரம், தினமும் அரை மணி நேரம் லயத்தைச் சுற்றி நடக்கச் சொன்னேன். பிரஷரின் மேல் அளவு, முதலில் எடுத்தது, பிறகு எடுத்தது:

158, 152
132, 130
146, 138
170, 161
124, 125
150, 145
138, 131
162, 158
128, 125
142, 135

சராசரி 145-லிருந்து 140-க்கு இறங்கியிருக்கிறது. ஒன்பது பேருக்குக் குறைந்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் எக்செல்லில், இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட் போட்டால் பி மதிப்பு 0.44 வருகிறது; அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவாவது வேறுபாடு வர 44 விழுக்காடு வாய்ப்பு. வித்தியாசமே இல்லை என்று எப்படி எழுதுவது? 124, 125 என்று ஏறிய அந்த ஒருவரை எடுத்துவிடலாம் என்கிறாள் தோழி. எடுக்கலாமா? திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். உதவுங்கள்.

ஆய்வக அண்ணன், பினாங்கு

தங்கச்சி, முதலில் ஒன்று: அந்த ஒருவரை எடுக்காதே. எடுத்தாலும் உன் சிக்கல் தீராது, ஏனென்றால் தவறு அவரிடம் இல்லை. எக்செல்லின் டி டெஸ்ட் கட்டளையில் கடைசியாக ஓர் எண் கேட்கும், அதில் என்ன போட்டாய்?

தோட்டத்துப் பிள்ளை

2 போட்டேன் அண்ணா. வகுப்பில் செய்த பயிற்சியில் அப்படித்தான் இருந்தது.

ஆய்வக அண்ணன், பினாங்கு

அதுதான். 2 என்றால் இரண்டும் வெவ்வேறு ஆட்களின் கூட்டம் என்று பொருள். வகுப்பில் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டிருப்பீர்கள், அதற்கு அது சரி. உன்னிடம் இருப்பது அதே பத்துப் பேர், இரண்டு தடவை. அதற்கு 1 போட வேண்டும், இணை டி டெஸ்ட்.

ஏன் இவ்வளவு மாறுகிறது என்று கையாலேயே போட்டுப் பார். உன் ஆட்களில் ஒருவருக்கு 124, இன்னொருவருக்கு 170. முதல் அளவின் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது, 15.15, இரண்டாவதில் 13.31. ஆளுக்கு ஆள் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது 5 புள்ளி இறக்கம் அந்த இரைச்சலில் காணாமல் போகிறது. இரண்டு கூட்டமாக எடுத்தால் திட்டப் பிழை, அதாவது சராசரி வித்தியாசம் தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பது, 6.38. 5-ஐ அதனால் வகுத்தால் வரும் டி வெறும் 0.78.

இப்போது ஆளுக்கு ஆள் கழி: 6, 2, 8, 9, கழித்தல் 1, 5, 7, 4, 3, 7. மொத்தம் 50, சராசரி 5. இந்தப் பத்து எண்ணின் திட்ட விலக்கம் 3.06 மட்டுமே. அதை பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.97. 5-ஐ அதனால் வகுத்தால் டி 5.18. கட்டின்மை எண், அதாவது பத்துப் பேரில் ஒன்றைக் கழித்தது, 9. பி மதிப்பு 0.001-க்கும் கீழே. ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஒப்பீடு ஆகிவிட்டதால், உயர்ந்த பிரஷர்காரர், குறைந்த பிரஷர்காரர் என்ற வேறுபாடு கணக்கிலிருந்து கழன்றுவிட்டது.

பி மதிப்போடு நிறுத்தாதே. டி அட்டவணையில் கட்டின்மை எண் 9-க்கு நேரே 2.262 இருக்கும். அதை 0.97-ஆல் பெருக்கி 5-க்கு இருபுறமும் போட்டால் 2.8 முதல் 7.2 வரை. உண்மையான சராசரி இறக்கம் இருக்கக்கூடிய வரம்பு இது; இந்த 95 விழுக்காடு நம்பக இடைவெளியையும் எழுது. எவ்வளவு இறங்கியது என்பதைப் படிக்கிறவருக்கு அதுதான் சொல்லும்.

தோட்டத்துப் பிள்ளை

1 போட்டேன், வந்துவிட்டது! மிக்க நன்றி அண்ணா. அப்படியானால் ‘நடைப்பயிற்சி பிரஷரைக் குறைத்தது’ என்று முடிவில் எழுதலாம் அல்லவா?

கிளினிக் அக்கா, தைப்பிங்

கொஞ்சம் பொறும்மா. அளவு எடுத்தது எப்போது, எங்கே? இரண்டு தடவையும் ஒரே மாதிரியா?

தோட்டத்துப் பிள்ளை

முதல் தடவை வேலை நாளில், மூன்று மணி போல, செம்பனைக் காட்டிலிருந்து வந்ததும் கடை வாசலில் எடுத்தேன். சிலர் கையில் கோப்பி இருந்தது. இரண்டாவது தடவை ஞாயிறு காலை, கோயில் மண்டபத்தில்.

கிளினிக் அக்கா, தைப்பிங்

அதைத்தான் கேட்க நினைத்தேன். பிரஷர் எடுக்குமுன் ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் கோப்பி, சிகரெட் கூடாது. வெயிலில் குனிந்து பழம் பொறுக்கிவிட்டு வந்தவருக்கும், குளித்துக் கோயிலுக்கு வந்தவருக்கும் அளவு வேறாகத்தான் இருக்கும். அந்த 5 புள்ளியில் நடை எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு என்று பிரிக்க உன்னிடம் வழி இல்லை. நடக்காத ஒரு குழுவையும் அதே இரண்டு நாளில் அளந்திருந்தால் பிரித்திருக்கலாம்.

நீ போட்ட டி டெஸ்டை உருவாக்கியவர் கோசெட், டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். அவரே பின்னாளில் இதே மாதிரி ஒரு சிக்கலைப் பிடித்தார். 1930-இல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் ஏறக்குறைய 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து, பால் குடித்தால் வளர்ச்சி கூடுமா என்று பார்த்தார்கள். யாருக்குப் பால் என்பதில் ஆசிரியர்கள் கைவைக்க இடம் இருந்தது. இளைத்த பிள்ளைகள் பால் குழுவுக்குப் போய்விட்டார்கள். அதோடு, பிள்ளைகளை உடுப்போடு எடை பார்த்தார்கள், முதலில் குளிர்காலத்தில், பிறகு கோடையில். கம்பளி உடுப்பு வாங்க வசதியுள்ள பிள்ளைக்குக் கோடையில் எடை கூடுதலாகக் குறைந்து தெரியும். இதையெல்லாம் கோசெட் 1931-இல் எழுதினார். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் 50 சோடி இருந்தால் அத்தனை பிள்ளைகளைவிட நல்ல பதில் கிடைத்திருக்கும் என்றார். இணை ஒப்பீட்டின் பலம் அவ்வளவு. ஆனால் உன் கடை வாசல், அவர்களுடைய கம்பளி உடுப்பு மாதிரி. எந்த டி டெஸ்டும் அதைக் கழற்றாது.

தோட்டத்துப் பிள்ளை

புரிகிறது அக்கா. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பதினாலு பேர். நாலு பேர் இரண்டாவது அளவுக்கு வரவில்லை, அதனால் அவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்களில் மூன்று பேருக்கு முதல் அளவு 160-க்கு மேல்.

ஆய்வக அண்ணன், பினாங்கு

பயப்படாதே, ஆனால் மறைக்காதே. பதினாலு பேரில் தொடங்கியது, நாலு பேர் பாதியில் நின்றுவிட்டது, அவர்களுடைய முதல் அளவுகள், எல்லாம் முதல் அட்டவணையிலேயே இருக்கட்டும். முடிவை இப்படி எழுது: ‘இரண்டு முறையும் அளக்கப்பட்ட பத்துப் பேரில் மேல் அளவு சராசரியாக 5 குறைந்தது, நம்பக இடைவெளி 2.8 முதல் 7.2. அளந்த நேரமும் இடமும் மாறியதாலும், ஒப்பீட்டுக் குழு இல்லாததாலும், இந்த இறக்கம் நடையால் வந்தது என்று சொல்ல இயலாது.’

கிளினிக் அக்கா, தைப்பிங்

அந்த மூன்று பேரையும் இந்த வாரமே கிளினிக்குக்குப் போகச் சொல்லும்மா. அறிக்கை திங்கட்கிழமை வரை காத்திருக்கும்.

தோட்டத்துப் பிள்ளை

ஒருவர் பக்கத்து வீட்டுத் தாத்தாதான். இப்போதே போய்ச் சொல்கிறேன் அக்கா.