ரேடியேட்டர் மூடிமேல் நிற்கும் பொம்மைக்குத் தமிழில் என்ன பெயர்?

கீழக்கரையிலிருந்து:

அன்புடையீர், ஊர்க் குடும்பங்களிடம் திரட்டிய பழைய புகைப்படங்களைப் பள்ளியில் காட்சிக்கு வைக்கிறோம். படக்குறிப்புகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. ஒரு படத்தில் துருக்கித் தொப்பி அணிந்த பெரியவர் இடக்கையைப் பழைய காரின் மட்கார்டின்மேல் ஊன்றி நிற்க, அவருடைய தோளுக்குப் பின்னால், என்ஜினைக் குளிர்விக்கும் நீர் நிற்கும் ரேடியேட்டரின் மூடியின்மேல் சிறகு விரித்த பறவை தெரிகிறது. மற்றொன்றில் அதே இடத்தில் வட்டமாக ஏதோ இருக்கிறது. வண்டி இன்னதென்று அறிய இவை உதவுமாம். மாணவர்கள் வாசிப்பார்கள் என்பதால் 'மாஸ்காட்' என்று விட மனமில்லை. தக்க சொல் தருக.

இராமநாதபுரத்திலிருந்து:

புதிதாகப் படைக்க வேண்டாம், ஐயா; 'கொடிஞ்சி' இருக்கிறது. தேரின் முன்பக்கத்தில் தாமரை மொட்டு வடிவில் நட்டிருந்த உறுப்பு அது. புறநானூற்று 77ஆம் பாட்டில் இளம்பாண்டியன் நெடுஞ்செழியன் தேரில் நிற்பதே அந்தக் கொடிஞ்சி பொலியத்தான். உங்கள் பெரியவர் நிற்கும் நிலையும் ஏறக்குறைய அதுவே. 'கொடு' என்னும் வளைவுப் பொருள் வேரிலிருந்து கொடுவாள், கொடுக்கு முதலியவற்றோடு இதுவும் பிறந்தது என்பது என் துணிபு. 'கொடி'யிலிருந்து வந்ததென்பாரும் உண்டு. அவர்களுக்குத் தனி மடலில் விடையிறுப்பேன்.

பாம்பனிலிருந்து:

ஆசிரியர் ஐயா பொறுத்தருள்க. படகின் முன்பகுதியை எங்கள் கரையில் இன்றும் 'அணியம்' என்கிறோம், பின்பகுதி அமரம். 'அணியப் பொம்மை' என்றால் கடலோரப் பிள்ளைக்கு விளக்கம் வேண்டாம். 1988இல் சாலைப் பாலம் திறக்கும்வரை இராமேசுவரத்துக்கு எந்தக் காரும் ரயிலிலோ தோணியிலோ ஏறித்தான் வந்திருக்க முடியும்; அந்த வண்டியின் உறுப்புக்குத் தோணியின் சொல் பொருந்தாதா?

இராமநாதபுரத்திலிருந்து:

பொருந்தாது. தனித்தமிழ் எழுத்தாளர்கள் 'அணிய'த்தைத் 'தயார்' என்னும் பொருளில் ஆள்கிறார்கள். தயாரான பொம்மை என்று எவரேனும் படித்துவிட்டால் என் செய்வது?

தொண்டியிலிருந்து:

நாற்பது ஆண்டுகளாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். கொடிஞ்சி கையால் பிடித்துக்கொள்வதற்கு உரியது என்று அகராதி சொல்கிறது. ஏற்றத்தில் கொதித்து நிற்கும் ரேடியேட்டரின் மூடியை அப்படிப் பிடித்தவர் மறுமுறை பிடிக்கமாட்டார். அடுத்து, பொம்மையை வைத்து வண்டியை முடிவு செய்யாதீர்கள். ரோல்ஸ் ராய்ஸுக்கு 1911 முதல் முன்சாய்ந்த பெண்ணுரு, பான்டியாக்குக்கு அமெரிக்கப் பழங்குடித் தலைவர் என்று அடையாளங்கள் இருந்தாலும், கடையில் தனியே வாங்கித் திருகிக்கொண்டவர்களும் பலர். ரேடியேட்டரின் சட்டத்தைப் பாருங்கள். ஃபோர்டு மாடல் டி என்றால் 1916 வரை பளபளக்கும் பித்தளை, அதன்பின் கறுப்புத் தகடு. 1927 கடைசியில் மாடல் ஏ வந்துவிட்டது. உங்கள் இரண்டாம் படத்திலுள்ள வட்டம் பெரும்பாலும் பொம்மையே அன்று, வெப்பமானி. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாக நீரின் சூட்டைப் பார்த்துக்கொள்வதற்காக மூடிமேல் பொருத்தியது. பிற்காலத்தில் அந்த வேலை டேஷ்போர்டிலுள்ள முள்ளுக்குப் போய்விட்டது.

கீழக்கரையிலிருந்து:

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வட்டத்தின் நடுவில் மெல்லிய குழல் தெரிகிறது, வெப்பமானியேதான். அந்தக் குறிப்பை 'மூடி வெப்பமானி' என்று முடித்துவிட்டேன். பறவைக்கு 'முகப்புப் பொம்மை' என்று போடுகிறேன். நான்கு பேர் தனியே எழுதி இதையே கேட்டார்கள், எவரும் உற்சாகமாகக் கேட்கவில்லை. வண்டியின் பெயரை எழுதவில்லை. ரேடியேட்டரின் சின்னத்தைப் பெரியவரின் தோள் மறைக்கிறது.

இராமநாதபுரத்திலிருந்து:

பொம்மை என்பது குழந்தை விளையாடுவது. அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்திலாவது 'கொடிஞ்சி' என்று சேர்த்துவிடுங்கள், வியாழன் மாலை வரை நேரம் இருக்கிறது.